உயிரோடிருந்தவளுக்கு ஒரு சுமைதாங்கி

சுமைதாங்கிக் கல்லைப் பார்க்காதவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக இரண்டு கற்களை நட்டு, அவற்றின் மேல் குறுக்காக ஒரு பலகைக் கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர்கள் இறக்கிவிட ஆள் தேட வேண்டாம். கல்லின் மேல் சுமையைச் சரித்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, திரும்பத் தலைக்கு ஏற்றிக்கொண்டு போகலாம். அதை எதற்காக வைக்கிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வயிற்றுப் பிள்ளையோடு ஒரு பெண் இறந்துபோனால், அவள் இறக்கி வைக்காமலே போன சுமைக்காக அவள் வீட்டார் வைக்கிற கல் அது. இது எங்கள் ஊரில் கோவணம் கட்டத் தெரியாத பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

அதனால்தான், ஏழு மாதக் கர்ப்பிணி வீட்டில் உட்கார்ந்து கொடுக்காப்புளி தின்றுகொண்டிருக்கும்போதே அவளுக்குச் சுமைதாங்கி வைத்த புருஷன் என்ற பெருமை இந்தச் சீமையில் எனக்கு ஒருவனுக்கே கிடைத்தது. என் மனைவி அதற்குப் பிறகு வெகுகாலம் என்னோடு வாழ்ந்தாள். நான் ஏதாவது புதிய யோசனை சொல்ல வாயெடுத்தால் போதும், "மொதல்ல நாலு பேரைக் கேட்டுப் போட்டுச் செய்யுங்க" என்பாள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டதில்லை.

எனக்கு ஏன் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். நான் சேலத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய அனாதை விடுதி ஒன்றில் வளர்ந்தவன். அங்கே மதில் சுவர் உயரம். தையல் சொல்லிக் கொடுத்தார்கள், ஜெபம் சொல்லிக் கொடுத்தார்கள், சாப்பிடும்போது பேசக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்கள். பூசையில் லத்தீனில் மறுமொழி சொல்ல என்னால் முடியும். ஆனால் வேலியில் தொங்குவது கோவைக்காயா குமட்டிக்காயா என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பேன். இருபத்திரண்டாவது வயதில் ஒரு தையல் மிஷினை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு, கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் சேந்தமங்கலத்துக்குப் பிழைக்க வந்தேன். பக்கத்துக் கிராமத்தில் எங்கள் வேதத்தைச் சேர்ந்த ஒரு விவசாயக் குடும்பத்தில் பெண் கொடுத்தார்கள். எனக்குத் தெரியாததெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அதை அவள் மறைத்துவைத்ததும் இல்லை.

கல்யாணமாகி எட்டு வருஷம் பிள்ளை இல்லை. இல்லை என்றும் சொல்ல முடியாது. இரண்டு முறை வந்தது, இரண்டு முறையும் ஐந்தாம் மாதத்துக்குள் போய்விட்டது. இரண்டாவது முறை அவள் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நான்காவது நாள் எழுந்து, "களி கிண்டட்டுங்களா?" என்று கேட்டாள். நான் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அதைப் பற்றி நாங்கள் பிறகு பேசிக்கொண்டதே கிடையாது.

மூன்றாவதாக உண்டானபோது நான் மாதாவிடம் நேர்ந்துகொண்டேன். ஏழாம் மாதம் முடிகிறவரை இந்தப் பிள்ளை நின்றுவிட்டால் ஊருக்கு உபயோகமாக ஒரு தர்மம் செய்கிறேன் என்று. மாதாவிடம் சொல்லாமல் விட்ட ஒரு நிபந்தனையும் அதில் இருந்தது. அந்தத் தர்மத்தில் என் பெயர் இருக்க வேண்டும்.

எங்கள் சின்ன மாதா கோவிலில் மணியில் ஒருவர் பெயர், தூங்கா விளக்கில் ஒருவர் பெயர், தரையில் பதித்த கற்களில் நாலைந்து பேர் பெயர், எல்லாவற்றுக்கும் கீழே 'உபயம்' என்று வெட்டியிருக்கும். பூசை நேரத்தில் நான் தலை குனிந்திருப்பதைப் பார்த்து, தையல்காரனுக்கு எவ்வளவு பக்தி என்று ஊரார் மெச்சுவார்கள். நான் தரைக் கல்லைப் படித்துக்கொண்டிருப்பேன். என் பெயரை வைத்தவர் யாரோ ஒரு கன்னியாஸ்திரி. அதற்கு முன்னால் போட்டுக்கொள்ள ஒரு தகப்பன் எழுத்துக் கிடையாது. ஒரு கல்லிலாவது அது நிற்கட்டுமே என்று எனக்கு ஆசை. நான் செத்த பிறகு நாலு பேர் அதை மிதித்துக்கொண்டு பூசை பார்த்தாலும் சரிதான்.

சந்தை நாளில் மலை ஜனங்கள் பலாப்பழமும் வாழைத்தாரும் கடுக்காய் மூட்டையும் தலையில் வைத்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கி வருவார்கள். பாதை சமவெளியைத் தொடுகிற இடத்தில் நின்று, கழுத்தைத் திருப்ப முடியாமல், இறக்கிவிட யாராவது வருகிறார்களா என்று கண்ணை மட்டும் உருட்டிப் பார்ப்பார்கள். அதைப் பார்த்துத்தான் எனக்கு யோசனை வந்தது. நாமக்கல் சாலையில் நான் சுமைதாங்கிகளைப் பார்த்திருக்கிறேன். யாரோ மகராசன் ஊருக்கு வைத்த வசதி என்று அவற்றை எண்ணியிருந்தேன். இங்கே ஒன்று வைத்து, அதில் என் பெயரை வெட்டிவிட்டால் வாரம் தவறாமல் நூறு பேர் படிப்பார்கள். அந்த நூறு பேரில் ஒருவருக்கும் எழுத்துத் தெரியாது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் கோவில் சாமியார் ஒரு பிரெஞ்சுக்காரர். நீளத் தாடி, புத்தகத் தமிழ். சொன்னவுடன் எழுந்து நின்றுவிட்டார். "சுமக்கிறவர்களைச் சர்வேசுரன் தம்மிடம் அழைக்கிறார். நீர் அவர்களுக்கு ஒரு கல்லைக் கொடுக்கிறீர். இது உத்தமமான யோசனை!" என்றார். ஆக, விஷயம் தெரியாதவர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம். மனைவியிடம் சொல்லவில்லை. பிறகு காட்டி ஆச்சரியப்படுத்தலாம் என்று இருந்தேன்.

கல் வேலைக்கு ஒருவரைப் பிடித்தேன். மேட்டூர் அணை வேலைக்குப் போய்த் திரும்பியிருந்த நல்ல வேலைக்காரர். சுமைதாங்கி ஒன்று வேண்டும் என்றதும் கையிலிருந்த உளியைக் கீழே வைத்தார்.

"ஊட்டுல அம்மணிக்குங்களா?"

"ஆமாங்க, அவளை நினைச்சுத்தான்."

"எத்தன மாசமுங்க?"

"ஏழு முடிஞ்சுதுங்க."

"எப்பங்க?"

"போன ஞாயித்துக்கிழமை."

"தலைச்சனுங்களா?"

"இதுக்கு முன்னால ரெண்டு நிக்கலைங்க. இதுதான் இவ்வளவு தூரம் வந்துது."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "என்ன பண்றதுங்க. குடுக்கறதும் சாமி, எடுக்கறதும் சாமி" என்றார். நான் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, "குடுத்தது சாமிதாங்க" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சோறு தண்ணி ஏதாச்சும் உண்டீங்களா?" என்று கேட்டார்.

"இப்பத்தாங்க அவ கையால களி சாப்பிட்டுட்டு வரேன்."

மனிதர் எழுந்து வந்து என் தோளைத் தட்டிக் கொடுத்தார். கல் வேலைக்காரர்கள் இவ்வளவு அன்பானவர்களா என்று எண்ணிக்கொண்டே வீடு திரும்பினேன். இருந்ததிலேயே நல்ல கல்லாகத் தேர்ந்தெடுத்து, சொன்ன நாளுக்கு முன்பே முடித்துக் கொடுத்தார். பலகைக் கல்லின் முகப்பில் என் பெயர், கீழே உபயம்.

சந்தை நாள் காலையில் கல்லை நிறுத்தினோம். சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். மலையிலிருந்து இறங்கியவர்கள் சற்றுத் தள்ளிச் சுமைகளோடு நின்று பார்த்தார்கள். பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருத்தி ஆவாரம்பூவை ஒடித்து வந்து கல்லின் மேல் வைத்தாள். என் தர்மம் மலை ஜனங்களையே கண் கலங்க வைக்கிறதே என்று எனக்கு நெஞ்சு விம்மியது. அன்றைக்கு நான் என் தையல் கடைக்கு நடந்து போன நடையை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

கடையிலும் அன்று எல்லோரும் ஒரு மாதிரியாக இருந்தார்கள். ரவிக்கை தாமதமானதற்குச் சண்டைக்கு வர வேண்டியவர், "அவசரமில்லைங்க, மொள்ளமாத் தையுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். என் வணக்கத்துக்கு ஒருநாளும் பதில் சொல்லாத மளிகைக் கடைக்காரர் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். கல்லில் பெயர் வந்ததும் மரியாதை இப்படி ஏறுமா என்று வியந்தேன். மத்தியானம் ஒரு கல்யாணத் தரகர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"வெசனப்படாதீங்க. உங்களுக்கு இன்னும் வயசிருக்குது" என்றார். "எங்க பங்காளி ஊட்டுல ஒரு புள்ள இருக்குதுங்க. அடக்கமான புள்ள. உங்க வேதத்துக்கு வாரதுக்கும் சம்மதமுங்க."

கடையில் பட்டன் கட்டிக் கொடுக்க ஆள் வேண்டும் என்று நான் நாலு பேரிடம் சொல்லிவைத்திருந்தேன். "வரச் சொல்லுங்க. நல்லாப் பழகிக்கட்டும். என் சம்சாரத்துக்கும் ஒத்தாசையா இருக்கும், அவ ரொம்பச் சந்தோசப்படுவா" என்றேன்.

தரகர் வாயில் போட்ட வெற்றிலையை மெல்லாமல் எழுந்து போய்விட்டார்.

நான் வீட்டுக்குப் போனபோது தெருமுனையில் ஒப்பாரிச் சத்தம் கேட்டது. தலைவிரி கோலமாக என் மாமியார் முன்னே வர, பின்னால் சொந்தக்காரப் பெண்கள் ஏழெட்டுப் பேர் மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள். சந்தையில் யாரோ சேதி சொல்லியிருக்கிறார்கள். இரண்டு மைல் தூரத்தையும் அழுதுகொண்டே நடந்து வந்திருக்கிறாள். சத்தம் கேட்டு என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கையில் கொடுக்காப்புளி.

"ஏம்மா, ஆரு செத்துப்போனாங்க?" என்று கேட்டாள்.

"நீதான்டி கண்ணு!" என்று அலறிய மாமியார், பிறகுதான் கேட்டது யார் என்று பார்த்தாள். அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த இடத்திலேயே மகளின் காலைத் தொட்டுப் பார்த்தாள், வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது.

சுமைதாங்கி என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. தெருவே சேர்ந்து விளக்கியது. முதலில் சிலர் சிரித்தார்கள். பிறகு ஒரு கிழவி, "வெச்ச கல்லு சும்மா நிக்காது. ஆளைக் கேக்கும்" என்றாள். அதோடு சிரிப்பு நின்றுவிட்டது.

அதன் பிறகு நான் தூங்கவில்லை. பிரசவத்துக்கு ஒன்றரை மாதம்தான் இருந்தது. ஏற்கெனவே இரண்டு போயிருக்கிறது. இப்போது அவளுக்கே கல் வைத்தாகிவிட்டது. ஜெபமாலையை எடுத்தால் விரல் மணியில் நிற்கும், மனம் கல்லில் நிற்கும். இதெல்லாம் அஞ்ஞானம் என்று வாயால் சொன்னேன். இரவில் எழுந்து அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்தேன். சாமியாரிடம் போனேன். "இது வெறும் மூட நம்பிக்கை" என்று அவரும் சொன்னார், ஆனால் தாடியைத் தடவிக்கொண்டே இருந்தார். வாசல் வரைக்கும் வந்து, "அந்தக் கல்லை வேறு இடத்தில் வைத்தால் சேதமில்லையே?" என்று கேட்டார். மாமியாரோ சுற்றி வளைக்கவில்லை. "மாதாவும் வேணும், கல்லும் போகோணும் மாப்ள" என்று சொல்லிவிட்டு மகளுக்குத் துணையாக எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

ஆகவே ஒருநாள் விடிந்ததும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு, கல் வேலைக்காரரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. உயிரோடு இருக்கிறவளுக்காகத் தன்னைக் கண்ணீர் விட வைத்துவிட்டேன் என்று அவருக்குக் கோபம். நாங்கள் போனபோது கல்லின் மேல் ஒரு பெரிய வாழைத்தார் இருந்தது. அதன் நிழலில் மலைக்காரப் பெண் ஒருத்தி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் வயிறு நிறைந்திருந்தது, எட்டு மாதம் இருக்கலாம்.

கடப்பாரையைப் பார்த்ததும், "என்னங்க சாமி, கல்லை எடுக்கவா போறீங்க?" என்று கேட்டாள்.

நான் கடப்பாரையைக் கீழே ஊன்றினேன்.

"எடுக்காதீங்க சாமி. மலையில இருந்து இங்கன வரைக்கும் எங்கியும் குனிய முடியாதுங்க. இந்தக் கல்லு வாரதுக்கு முந்தி எறக்க ஆளில்லாம நின்னே இருந்தேன். இதை ஆருக்கு வெச்சாங்களோ, அந்தப் புண்ணியவதி செத்தும் எங்களத் தாங்கறா" என்றாள்.

கல் வேலைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கடப்பாரையைப் பார்த்தேன். பிறகு இரண்டு பேருமாக அந்த வாழைத்தாரை அவள் தலைக்கு ஏற்றிவிட்டோம். கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாமியாரும் பக்கத்தில் இருந்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டு என் மனைவி, "சுமை எறக்கறாங்கில்ல?" என்று கேட்டாள்.

"எறக்கறாங்க."

"அப்பறம் என்னத்துக்குங்க எடுக்கோணும்?"

"உனக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

அவள் முறத்திலிருந்த சோளத்தைக் கையால் அளைந்துகொண்டிருந்தாள். "போன ரெண்டு தடவையும் நான் பயந்து பயந்து படுத்தே கெடந்தேனுங்க. பயந்ததுனால எதுவும் நிக்கல" என்றாள். "நீங்க மாதாவுக்குன்னு நேந்து குடுத்துப் போட்டீங்க. குடுத்ததை நாம திருப்பிக்கிட்டா, அவங்க குடுத்ததை அவங்களும் திருப்பிக்கலாமில்லீங்க? இருக்கட்டும். நம்பித்தான் பாப்பமே."

மாமியார் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். மகளோடு வாதாடி ஜெயித்த வழக்கம் அவளுக்கும் இல்லை.

அதோடு விட்டாளா? தன் கல்லைத் தானே பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். மறுநாள் ஒரு வண்டி பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். இறங்கி, கல்லை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கோவில் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்புப் படித்தவள். முகப்பில் வெட்டியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தாள். வாசித்துவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, செத்தது நானு. பேரு உங்களுதா?"

நான் கல்லின் முகப்பைத் துண்டால் துடைத்தேன்.

"இந்தப் பேரு இங்க இருந்தா வாரம் ஒரு தரகர் கடைக்கு வருவாரு. அழிச்சுப் போடுங்க" என்றாள்.

"அப்ப உன் பேரை வெட்டச் சொல்லட்டுமா?"

"எம் பேரு எதுக்குங்க? வாழைத்தாரை எறக்கறவளுக்கு என்ன பேரா வேணும்? எடந்தானுங்க வேணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அத்தனை நேரமும் அவள் விரல்கூடக் கல்லின் மேல் படாததை நான் பார்த்தேன். அவளுக்கும் பயம் இருந்தது. பயத்தை வைத்துக்கொண்டேதான் நம்பினாள். எனக்கு அவள் மேல் அவ்வளவு பிரியம் அதற்கு முன்பு வந்ததில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். வண்டிக்காரர் இருந்ததால் சொல்லவில்லை.

கல் வேலைக்காரர் மறுநாள் வந்து என் பெயரைக் கொத்தி எடுத்தார். வெட்டுவதற்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டவர் அழிப்பதற்கு அரைமணி நேரம்தான் எடுத்துக்கொண்டார். சந்தோஷமாகவே செய்தார் என்று எனக்குப் பட்டது. 'உபயம்' என்ற சொல்லையும் எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். எடுத்துவிடுங்கள் என்றேன்.

பிரசவ வலி கண்டது ஒரு சந்தை நாள் விடியலில். மருத்துவச்சி வந்ததும் முதல் வேலையாக என்னை வெளியே அனுப்பினாள். ஆண்பிள்ளைக்கு அங்கே வேலை இல்லை. தெருவில் நின்றால் உள்ளே இருந்து என் மனைவியின் குரல் கேட்டது. என்னால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. திண்ணை மூலையில் கடப்பாரை இருந்தது. நான் அதை எடுக்கவில்லை, ஆனால் ஒரு தரம் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிறகு கால் போன போக்கில் நடந்து கல்லின் பக்கத்தில் வந்து நின்றேன்.

ஜெபமாலையை எடுத்து முதல் மணியைப் பிடித்தேன். மலையிலிருந்து இறங்கிய ஓர் ஆள், "சாமி, ஒரு கை புடிங்க" என்றார். கடுக்காய் மூட்டை. பிடித்து இறக்கினேன். மறுபடி மணியைப் பிடித்தேன். இரண்டு பெண்கள் விளக்குமாற்றுப் புல் கட்டோடு வந்தார்கள். அவர்கள் போனதும் பலாப்பழக் கூடை. அன்று காலையில் மாதாவின் அருள்நிறை மந்திரம் ஒன்றைக்கூட என்னால் முழுசாகச் சொல்ல முடியவில்லை. பாதியில் ஒரு சுமை வந்துவிடும். ஊசி பிடித்துப் பழகிய கை எனக்கு. தோள் இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது. சட்டையெல்லாம் தூசியும் சாறும். ஒவ்வொருவரும் கிளம்பும்போது, "நல்லா இருக்கோணும் சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவரும் என் பெயரைக் கேட்கவில்லை. எனக்கே அது எங்கோ நடுவில் மறந்துபோயிருந்தது. இத்தனை வருஷம் ஒரு பெயரை நிறுத்தி வைக்க இடம் தேடினேன். அன்று காலையில் நான் நின்ற இடத்தில் நான் மட்டும் போதுமாக இருந்தேன். அந்தப் பயத்தின் நடுவிலும் அது எனக்குத் தெரிந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

வெயில் ஏறிய பிறகு ஊர்ப் பக்கமிருந்து என் மாமியார் வருவது தெரிந்தது. ஓட்டமும் நடையுமாக வந்தாள். முந்தானை தரையில் புரண்டது. கல் வைத்த நாளிலிருந்து அந்தப் பாதைப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவள். "என்னம்மா?" என்று கேட்டேன். அவள் நேராகக் கல்லுக்கு வந்து, பலகையின் மேல் இரண்டு கையையும் ஊன்றி, அதன் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

நான் நட்ட கல்லைப் பிடித்துக்கொண்டேன்.  கேட்காதவரை என் மனைவி உயிரோடு இருப்பாள் என்று ஒரு நினைப்பு.

அப்போது தலையில் கூடையோடு மலைக்காரப் பெண் ஒருத்தி வந்தாள். சுமைதாங்கியில் சாய்ந்து ஒரு தாய் அழுவதைப் பார்த்ததும், தன் சுமையை மறந்து அப்படியே நின்றுவிட்டாள்.

"அழுவாதீங்க ஆத்தா" என்றாள். "பெத்த வயிறு எரியத்தான் செய்யும். என்ன பண்றது, உங்க மக சாமிகிட்டப் போயிட்டா."

மாமியார் வெடுக்கென்று தலையைத் தூக்கினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆரு போனா? எம் மக ஊட்டுல இருக்கறா. புள்ளயப் பெத்துப் போட்டு, பசிக்குதுன்னு கஞ்சி கேக்கறா!"

மலைக்காரி கூடைக்கு அடியிலிருந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப இந்தக் கல்லு ஆருக்குங்க?"

மாமியார் கல்லைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணின் தலையிலிருந்த கூடையைப் பார்த்தாள். சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

"உனக்குத்தான் அம்மணி. எறக்கி வெய்யி."